பந்தியும் பள்ளியும்

சிவகாசி வட்டாரத்தில் உள்ள நாரணாபுரத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் பாடநூலைத் திறந்தால், பாடம் தொடங்குவதற்கு முன்பே தீண்டாமையைக் கண்டிக்கும் வாசகம் நிற்கிறது. தமிழ்நாட்டு அரசின் பாடநூல் கணக்காக இருந்தாலும் அறிவியலாக இருந்தாலும் அந்த வாசகம் இல்லாமல் அச்சாவதில்லை. பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962இல் தெலுங்கில் எழுதி, மறு ஆண்டு விசாகப்பட்டினத்துப் பள்ளியொன்றில் முதலில் ஒலித்த உறுதிமொழியைக் காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் கை நீட்டித் தமிழில் சொல்கிறார்கள். 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 6 முதல் 12 வரையான வகுப்புகளில் பாடமாக்கச் சொன்னது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நல்ல சொல்லைப் படித்து மனத்தில் பதித்துக்கொண்ட பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை மதிக்கப் பழகிவிடும் என்பது அது. ஆனால் இந்த வட்டாரத்துப் பள்ளிகளின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுக் கதையைத் தொடர்ந்து பார்த்தால் அந்த நம்பிக்கைக்குப் போதுமான சான்று கிடைக்கவில்லை. இங்கே மரியாதை என்பது பாடமாக வந்தபோது வேர்பிடிக்கவில்லை. யார் எங்கே உட்காருவது, யார் சமைத்ததை யார் சாப்பிடுவது, பிள்ளையின் பகல் பொழுது யாருக்குச் சொந்தம் என்ற ஏற்பாடுகள் மாறியபோதுதான் அது நகர்ந்தது. பாடம் அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால்தான் வந்தது.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்டு 1826இல் தொகுத்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அன்று திருநெல்வேலிச் சீமையில் இருந்த சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்திலும் அப்படிப்பட்ட பள்ளிகள்தாம். மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலைக்குப் போகும் அந்தப் படிப்பில் அரிச்சுவடிக்கு அடுத்த பாடமே அறநூல்தான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்று வரிசையாக மனப்பாடம். கொடையை அளவாக வைத்து மேல்கீழ் வகுத்த நல்வழியைப் பாடாத பிள்ளை இல்லை. இன்றைய எந்த நீதிபோதனை வகுப்பும் இத்தனை செறிவான அறத்தை இத்தனை சிறு வயதில் ஊட்டியதில்லை. இந்தப் பள்ளிகள் மேல்சாதிக்கு மட்டுமே உரியவை அல்ல என்று தரம்பால் முதலானவர்கள் மன்றோவின் கணக்கை வைத்தே காட்டியிருக்கிறார்கள். தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத பிள்ளைகளே அதிகம் படித்தார்கள் என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சேரியிலிருந்து வந்த பிள்ளைக்கு ஊருக்குள் இருந்த அந்தத் திண்ணையில் இடம் இல்லை. அதுவும் உண்மை. பின்னர் மிஷன் பள்ளிகள் ஒரே கூரைக்குக் கீழே எல்லோரையும் வைக்க முயன்றபோது நடந்ததைப் பார்த்தால், திண்ணையில் படித்த அறம் எவ்வளவு தூரம் போயிற்று என்பது விளங்கும். 1838இல் சென்னையில் ஜான் ஆண்டர்சனின் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்தது தெரிந்ததும் மற்ற வீட்டார் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். நல்வழியைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்த வீடுகள்தாம் அவை.

சிவகாசிப் பக்கம் மிஷன் வேலை 1850களில் சூடுபிடித்தது. கேம்பிரிட்ஜ் பட்டதாரியான தாமஸ் ராக்லண்ட் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போய், 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் அந்த வேலையின் மையமாகி, பள்ளிகள் வளர்ந்த இடமானது. ஆனால் இந்த வட்டாரத்தின் கல்வி வரலாற்றைத் திருப்பிவிட்டது வேறொரு நிகழ்ச்சி. 1890களில் நாடார்கள் கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்டுப் போராடினார்கள். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைத் தாக்கினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. நீதிமன்றமும் கைவிட்டு, ஊரும் எரிந்த பிறகு, அந்தச் சமூகம் மரியாதைக்கு வேறு வழி தேடியது. இன்று விருதுநகர் எனப்படும் விருதுபட்டியில் 1880களிலேயே தொடங்கியிருந்த க்ஷத்திரிய வித்யாசாலா அந்த வழியின் அடையாளம். வணிகத்தில் கழித்து வைத்த மகமைப் பணமும், வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது தனியே எடுத்துவைத்த பிடி அரிசியும் சேர்ந்து நடந்த பள்ளி அது. இப்படி உறவின்முறை என்ற சாதி அமைப்புகள் நடத்திய பள்ளிகள் காலப்போக்கில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப் பள்ளிகளாயின. பிடி அரிசியை நான் வெறும் நன்கொடையாகப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் ஊரின் பொறுப்பு, அதற்கு ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் பங்கு போக வேண்டும் என்ற குடிமை உணர்வு, எந்தப் பாடநூலிலும் எழுதப்படாமல், அந்த ஒரு கைப்பிடியில் பழக்கமாயிற்று. 1903இல் விருதுபட்டியில் பிறந்த காமராசர் அந்தப் பள்ளியில் உட்கார்ந்து சில ஆண்டுகள் படித்தவர்.

இங்கே ஒரு கசப்பான கேள்வியைத் தவிர்க்க முடியாது. அவமதிப்புக்கு ஆளான சமூகம் தனக்குக் கீழே வைக்கப்பட்டவர்களைத் தானாகவே மதிக்கத் தொடங்கிவிடுமா? வரலாறு அப்படி உறுதி தரவில்லை. மேலே நோக்கிக் கேட்ட மரியாதை கீழ்நோக்கிப் போவதற்குத் தனியாக ஒரு முயற்சி வேண்டியிருந்தது. அந்த முயற்சியைச் சிலரே எடுத்தார்கள். எடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார். 1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்து உரிமையாளரின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். 1910இல் உருவான அந்த மாவட்டத்தில்தான் சிவகாசியும் விருதுநகரும் நாரணாபுரமும் அன்று அடங்கியிருந்தன. பேருந்தில் ஏறும் மனிதனுக்கு மனமாற்றம் வரும் வரை அவர் காத்திருக்கவில்லை. இருக்கையை முதலில் மாற்றினார். 1931 ஆகஸ்டில் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு விருதுநகரில் கூடியதும் இந்தச் சூழலில்தான். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் முதலானவர்களை அழைத்துப் போனபோது, அந்தச் சிறு குழுவில் விருதுநகர்ச் சண்முக நாடாரும் இருந்தார். கமுதி வழக்கில் தோற்ற சமூகத்தின் ஒருவரும், அதைவிடக் கீழே தள்ளப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்களும் ஒரே வாசலில் சேர்ந்து நுழைந்த அந்தக் காலை, இந்த வட்டாரத்தின் குடிமைக் கல்வியில் எந்த வகுப்பறைக்கும் குறைந்ததில்லை.

தொடக்கப் பள்ளிக்குள் இந்த மாற்றம் நுழைந்தது 1950களில். அதற்குச் சற்று முன்பு, 1953 ஜூனில், இராசாசி அரசு கிராமப்புறங்களில் திருத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரில் நடக்கும் கைத்தொழிலையோ கற்பது. இருக்கிற ஆசிரியர்களையும் கட்டடத்தையும் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். அந்தக் காரணத்தைப் பொய் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. வகுப்பறைப் பற்றாக்குறை உண்மையானது. உழைப்பை மதிக்கக் கற்பதும் கல்விதான் என்ற வாதத்திலும் பொருள் உண்டு. ஆனால் தொழிலும் சாதியும் பிரியாத ஊரில், பாதி நாள் தகப்பன் தொழிலுக்குப் போகும் பிள்ளை எதைக் கற்கும்? செருப்புத் தைப்பவரின் மகன் உழைப்பின் பெருமையைக் கற்பான் என்று திட்டம் நினைத்தது. தன் இடம் எது என்பதை அவன் கற்றுக்கொள்வான் என்று எதிர்த்தவர்கள் அஞ்சினார்கள். குலக்கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்தை, 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் மறு மாதமே திரும்பப் பெற்றார். முழு நாளும் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும் என்ற முடிவு, நேர அட்டவணை பற்றிய முடிவாகத் தோன்றும். பிள்ளைகளுக்கிடையே சமத்துவம் பழக வேண்டுமானால் அவர்கள் சேர்ந்திருக்கும் பொழுது வேண்டும் என்பதால், அதை நான் மரியாதை பற்றிய முடிவாகவே வைக்கிறேன்.

அடுத்து வந்தது சாப்பாடு. 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்ட முன்மாதிரி இருந்தது. காமராசர் ஆட்சியில் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, 1957 முதல் மாநிலம் முழுவதற்குமான திட்டமாக விரிந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசை அரசு கொடுத்தது, 4 காசை ஊர் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்த 4 காசைச் செலவுக் கணக்காக மட்டும் படித்தால் திட்டத்தின் பாதி விளங்காமல் போகும். விருதுபட்டியில் ஒரு சாதியின் அடுப்புகளிலிருந்து வந்த பிடி அரிசி, இப்போது ஊரின் எல்லா அடுப்புகளிலிருந்தும் ஒரே உலைக்கு வரத் தொடங்கியது. அந்த உலையிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பந்தி என்பது யார் யாரோடு உட்காரலாம் என்பதைக் கறாராகச் சொல்லும் அமைப்பு. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் எந்தப் பந்தியில் எவருக்கு இடம் என்பதில் வெட்டுக்குத்து வரை போனதுண்டு. அந்தப் பந்தியை நாள்தோறும், பகல் வெளிச்சத்தில், அரசின் கட்டடத்துக்குள் கலைத்து அடுக்கியது மதிய உணவு. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே போக்கில்தான் நடந்தன. ஊரார் பெஞ்சு கொடுத்தார்கள், கட்டடம் கொடுத்தார்கள், சீருடைத் துணி கொடுத்தார்கள். சட்டையைப் பார்த்து வீட்டை எடைபோடும் வழக்கத்துக்குச் சீருடை தடை போட்டது. தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்குப் போனதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். நாரணாபுரம் போன்ற ஊர்களில் இன்றும் பள்ளிப் பலகையில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

பள்ளியின் கதவு இப்படித் திறந்த அதே ஆண்டுகளில், இந்த வட்டாரத்தில் வேறொரு கதவும் அகலத் திறந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் அதே ஊரின் இன்னொரு சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து 1923இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், வானம் பார்த்த கரிசல் காட்டுக்குச் சோறு போட்டது. பட்டாசும் அச்சும் அதன் பின்னால் வந்தன. நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமும் அடித்து நாடெங்கும் அனுப்பும் வட்டாரத்தில், பிள்ளைகள் பலர் நோட்டைத் தொடாமலே வளர்ந்தார்கள். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, சரம் பின்னுவது எல்லாம் சின்ன விரல்களுக்கு வேகமாக வரும் வேலைகள் என்று தொழில் கண்டுகொண்டது. 1983இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய விரிவான கட்டுரை, விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் வண்டிகள் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்ததை உலகத்துக்குச் சொன்னது. மைரன் வீனர் 1991இல் வெளியிட்ட நூலிலும் சிவகாசி முக்கியமான சான்று. 1954இல் அரசு திரும்பப் பெற்ற அரை நாளைத் தொழில் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது; பல வீடுகளில் முழு நாளையும் எடுத்துக்கொண்டது. பந்தியில் உட்கார வேண்டிய பிள்ளை தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்திருந்தால், பள்ளியில் எத்தனை அருமையான ஏற்பாடு இருந்தும் அது அவளுக்கு இல்லை. ஐந்தாம் வகுப்புப் பாடநூலின் முதல் பக்கத்தை அவள் பார்க்கவே போவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது இந்த ஊர்க்காரர்கள் மனத்தார நம்பும் மறுப்பு. தீப்பெட்டி ஆபீஸிலும் எல்லாச் சாதியும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தது, பட்டினியைப் போக்கியது, பெண்கள் கையில் காசு வந்தது, சாதிக் கட்டுப்பாட்டைப் பள்ளியைவிடத் தொழில்தான் தளர்த்தியது என்கிறார்கள். இதில் பெரும்பகுதி சரியே. நிலத்துக்கு அடிமைப்பட்டுக் கிடந்த குடும்பங்களுக்கு வாரக் கூலி ஒரு விடுதலையாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு வரிசைகளுக்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. அங்கே ஒருத்தியின் இடம் அவள் அடுக்கிய கட்டையின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கை தளர்ந்தால் இடம் போயிற்று. பள்ளியில் மக்குப் பிள்ளைக்கும் இடம் உண்டு, நோயாளிப் பிள்ளைக்கும் உண்டு; எதையும் சம்பாதித்துக் காட்டாமலே அது உண்டு. குடிமகன் என்ற நிலை இப்படிப்பட்டது. எவரும் கொடுக்காமலே தனக்கு உள்ள ஓர் இடம், அதே காரணத்தால் அடுத்தவருக்கும் உள்ள இடம் என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல முடியாது. அனுபவிக்கக் கொடுக்கத்தான் முடியும். இதைத்தான் உச்ச நீதிமன்றமும் தன் மொழியில் சொன்னதாக நான் படிக்கிறேன். சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம். சி. மேத்தா 1986இல் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை தர முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும், 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும், பிள்ளைகளைப் படிக்க வைத்தே தீருவது என்ற தாய்மார்களின் வைராக்கியமும் சேர்ந்து வேலைக்குப் போன பிள்ளைகளை வகுப்புக்குத் திருப்பின. இவற்றில் எதன் பங்கு பெரிது என்று கேட்டால், தாய்மார்களின் பங்கைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஏற்பாடுதான் மரியாதையைக் கற்பிக்கும் என்றால், 1957 முதல் ஒரே பந்தியில் சாப்பிட்டு ஒரே சீருடையில் படித்த தலைமுறைதானே 1990களில் தென்மாவட்டங்களில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டது? 1995இல் கொடியங்குளத்துத் தலித்துகள் மீது காவல்துறைத் தாக்குதல், 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் கலவரம். தலித் சமூகத்து வீரன் ஒருவனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். சௌந்தரபாண்டியனார் பேருந்தில் இடம் வாங்கிக் கொடுத்து எழுபது ஆண்டு ஆகும் தறுவாயில், அதே மண்ணில், அதே பேருந்து. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை எடுத்தது. 1985இல் காமராசர் பெயரோடு பிறந்த மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைத்தவரின் பெயரே அவர் பிறந்த மாவட்டத்தில் நிலைக்கவில்லை. இந்த மறுப்பை நான் லேசாகத் தாண்ட விரும்பவில்லை. ஆனால் அந்தப் பந்தி உண்மையிலேயே எவ்வளவு ஒரே பந்தியாக இருந்தது என்று கேட்க வேண்டும். 1969இல் வந்த இளையபெருமாள் குழுவின் அறிக்கை, நாட்டின் பள்ளிகளில் தனி இருக்கையும் தனித் தண்ணீர்ப் பானையும் தொடர்வதைப் பதிவு செய்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் தனித்தனியாகவே நீடித்தன. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கும் அறிவிப்பு 2023இல்தான் வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முழுமையாகச் செய்துபார்க்காத ஒன்று தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. தொடக்கப் பள்ளி ஒரு சமூகத்தைத் தனியாகத் திருத்திவிடும் என்பதும் என் வாதம் அல்ல. நிலமும் அரசியலும் பகையும் சேர்ந்து மூட்டிய நெருப்பை ஒரு மதியச் சாப்பாடு அணைக்காது.

அப்படியானால் என்ன மாறியது? சச்சரவு வரும்போது பள்ளியை விட்டு வெளியேறுவது யார் என்பதைப் பார்த்தால் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் தாழ்த்தப்பட்ட பிள்ளை சேர்ந்தால் மற்றவர்கள் விலகினார்கள். பள்ளி நடக்க வேண்டுமே என்ற கவலையில் பல இடங்களில் அந்தப் பிள்ளையை அனுப்பிவிடுவதே தீர்வாயிற்று. 2023 செப்டம்பரில், எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள உசிலம்பட்டியில், தொடக்கப் பள்ளியில் அரசின் காலை உணவுத் திட்டத்துக்குச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. 1956இல் மதிய உணவு தொடங்கிய அதே எட்டயபுரத்தின் பக்கத்தில் இப்படி நடந்தது நெஞ்சைச் சுடத்தான் செய்கிறது. ஆனால் அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆட்சியரும் அந்தப் பள்ளிக்கே போய், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அவர் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். சமையற்காரரை மாற்றிச் சமாதானம் பேசுவது அன்றைய வழக்கமாக இருந்திருக்கும். இன்று விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் மறுத்த பெற்றோர்கள். இப்படிப்பட்ட தகராறே வராமல் இருக்கச் சமையலைப் பள்ளிக்கு வெளியே ஒரு மையக் கூடத்துக்கு மாற்றிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிர்வாகத்துக்கு அது வசதி. ஆனால் சோறு போடும் அந்தக் கையைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்ப்பதுதான் அங்கே நடக்கும் படிப்பு. அதைக் கண்ணுக்கு மறைத்துவிட்டால் அமைதி மிஞ்சும், படிப்பு மிஞ்சாது.

பாடமே வேண்டாம், நீதிபோதனை வகுப்பை எடுத்துவிடலாம் என்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. அநீதி நடக்கும்போது அதற்குப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். அந்தச் சொல்லைப் பிள்ளைக்குப் பாடநூல்தான் கொடுக்கிறது. தண்ணீர்க் குவளையைத் தனியாக வைத்தால் அது குற்றம் என்று பத்து வயதுப் பிள்ளை சொல்ல முடிவதற்கு முதல் பக்கத்து வாசகம் வேண்டும். வாசகம் ஒன்றைச் சொல்லி, கழிப்பறை கழுவ யாரைக் கூப்பிடுவது, வாளியை யார் தூக்குவது என்பதில் பள்ளி வேறொன்றைச் செய்தால், பிள்ளைகள் இரண்டாவதைத்தான் நம்புவார்கள் என்பதே என் கவலை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் சாதிவெறியால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இந்தப் புரிதல் தெரிகிறது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, பெயரின் அகர வரிசைப்படியே பிள்ளைகள் உட்கார வேண்டும் என்கிறது அது. ஏறக்குறைய எல்லாமே ஏற்பாடுகள். 6ஆம் வகுப்பிலிருந்து அறநெறி வகுப்பும் வேண்டும் என்கிறது. அதை ஏற்றுக்கொண்டே, 6ஆம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. கையில் கயிறு கட்டும் வயது வருவதற்கு வெகுமுன்பே, ஒன்றாம் வகுப்பில் யார் பக்கத்தில் யார் என்று வீட்டில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

அகர வரிசை என்பது அற்பமான விதியாகத் தோன்றலாம். நட்பால் உண்டாகும் இடத்தை அது பறிக்கிறது, பிள்ளைகளின் விருப்பத்தை மதிக்கவில்லை என்று சில ஆசிரியர்களே குறைப்படுகிறார்கள். பிள்ளைகளின் விருப்பம் என்று நாம் நினைப்பது தெருவின் விருப்பமாக இருக்கும் ஊரில், அந்தக் குறை வலுவிழக்கிறது. அதோடு இப்போது இந்த வட்டாரத்தின் வகுப்பறைகளுக்கு இன்னொரு சோதனையும் வந்திருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் படிக்கப் போய்விட்ட பிறகு, பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குப் பீகார், ஒடிசா பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். குடும்பத்தோடு வருபவர்களின் பிள்ளைகளுக்கு இங்கே உறவின்முறை இல்லை, தெரு இல்லை, தமிழும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளில் ஒவ்வொரு சமூகமாகச் சண்டையிட்டு இடம் வாங்கிய வகுப்பறைக்குள், தனக்காகச் சண்டையிட ஆள் இல்லாமல் வருகிற முதல் பிள்ளைகள் இவர்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்க்கும் வேலை ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியர் மேல் விழுகிறது. காலை உணவின் எண்ணிக்கையில் அவர்களையும் கூட்டி எழுதுவதும், மொழி தெரியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு பிள்ளையை ஏற்பாடு செய்வதும் அந்த வேலையில் அடங்கும். பதிவேட்டில் அகர வரிசைக்கு ஏற்ற இடத்தில் அந்தப் பெயரை எழுதுவது அதன் தொடக்கம்.